ஒன்பது விரல்

1/ சிலமலையில் ஒரு மருத்துவ முகாம். பிரஷர் பார்க்க வந்த 63 வயது அம்மா, வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தி, "டாக்டரம்மா, இருமுனா தும்முனா ஒண்ணுக்கு கசிஞ்சு சீலை நனைஞ்சுருது" என்றார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/ எவ்வளவு? "கொஞ்சந்தான்." தினமுமா? "வாரத்துல ரெண்டு மூணு தடவ."
இதோடு நிறுத்தியிருந்தால், 'லேசான தொந்தரவு' என்று எழுதி அனுப்பியிருப்பேன். முன்பெல்லாம் அப்படித்தான் எழுதினேன்.

3/ இதை அளக்க 'ஐசிஐக்யூ' என்றொரு சின்ன வினாத்தாள் இருக்கிறது. 2004-ல் வெளியானது. எத்தனை முறை கசிகிறது? 0 முதல் 5. எவ்வளவு? 0 முதல் 6. அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது? 0 முதல் 10. மொத்தம் 21. எப்போதெல்லாம் கசிகிறது என்ற கேள்விக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது.

4/ மதிப்பெண் போடச் சொன்னால் பலர் தடுமாறுவார்கள். அதனால் விரலைக் கேட்பேன். "பத்து விரலையும் விரிங்கம்மா. தொந்தரவே இல்லைன்னா எல்லாத்தையும் மடக்குங்க. ரொம்பத் தொந்தரவுன்னா அப்படியே விட்டுருங்க."
அவர் ஒரு சுண்டுவிரலை மட்டும் மடக்கினார்.

5/ ஏன் என்று கேட்டேன். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டு ஏற வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு வாடை அடிக்குமோ என்ற பயம். இரண்டு வருடமாக வேலைக்குப் போகவில்லை. கோயிலுக்கும் இல்லை. பேத்தி கல்யாணத்தில் மண்டபத்துக்கு வெளியே நின்றிருக்கிறார். வெளியே கிளம்பும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. மகளுக்குக்கூட இது தெரியாது.

6/ 2+2+9=13. இந்த அளவுகோலில் 13 என்றாலே 'கடுமை'. அதில் கசிவுக்கு 4 தான். மீதி 9-ம் அவர் விட்டுக்கொடுத்த வாழ்க்கை.

7/ செய்தது என்ன? சிறுநீரில் கிருமி, சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தோம். மலச்சிக்கலைச் சரிசெய்தோம். தண்ணீரைக் குறைக்க வேண்டாம் என்றோம். குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல்தான் கூடும். முக்கியமாக, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி: காற்றையும் சிறுநீரையும் சேர்த்து அடக்குவதுபோல உள்ளிழுத்துப் பிடித்து, மெல்ல விட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வேளைக்கு 8 தடவை, தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம்.

8/ மூன்று மாதம் கழித்து 1+2+3=6. "இன்னும் லேசா கசியத்தான் செய்யுது. ஆனா ஜீப்புல ஏறிட்டேன் டாக்டரம்மா."

9/ உங்கள் அம்மா, பாட்டி, அத்தை சமீபமாக வெளியூர்ப் பயணத்தைத் தட்டிக்கழிக்கிறார்களா? எங்கே போனாலும் முதலில் கழிப்பறையைத் தேடுகிறார்களா? தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேளுங்கள். 'வயசானா இப்படித்தான்' என்று விட வேண்டாம். பெரும்பாலும் குறைக்க முடியும். சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், திடீரென்று கால் பலவீனம் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.