ளகரம் செய்த வேலை

(முன்னாள் மாணவர், கணினி அறிவியல் துறை)

மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று பேராசிரியர் ஐயா தொலைபேசியில் கேட்டபோது, "என் தொழிலைப் பற்றி எழுதினால் யார் ஐயா படிப்பார்கள்?" என்றேன். "தொழிலை எழுதாதே, அதில் நீ பட்ட பாட்டை எழுது" என்றார். பட்ட பாடுகள் பல. அவற்றுள் நான் தலைகுனிந்த ஒன்றை எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. 2022-ஆம் ஆண்டில் ஒரு கல்வி அறக்கட்டளையின் பணி எங்களிடம் வந்தது. ஏழை மாணவர்க்கு ஆண்டுக்கு இரு தவணையாக உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளை அது. மாணவர்கள் கைப்பேசியிலிருந்தே விண்ணப்பிக்கும்படி புதிய இணையதளம் ஒன்று வேண்டும் என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. மாணவர் பதிவேட்டை வைத்திருக்கும் பழைய நிரலைத் தொடக்கூடாது. 2004-இல் எழுதப்பட்ட நிரல் அது. வேறு சில அலுவலகங்களும் அதனிடமிருந்தே விவரம் பெற்றுவந்தன. எழுதியவர் என்றோ வெளிநாடு போய்விட்டார். மூல நிரல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சாவி தொலைந்த பெட்டி. ஆனால் துவாரத்தின் வழியே கேட்டால் உள்ளிருந்து பதில் வரும்!

அந்தத் துவாரத்திற்குத்தான் வலைச் சேவை என்று பெயர். அது பேசிய மொழி சோப். குளிக்கும் சோப்பு அன்று. 1998-இல் தோன்றிய ஒரு தகவல் நெறி. ஒவ்வொரு கேள்வியையும் எக்ஸ்.எம்.எல். என்னும் உறையில் இட்டு, முகவரி எழுதி, முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். விடையும் அவ்வாறே உறையில் வரும். என்னென்ன கேட்கலாம், எவ்வடிவில் கேட்கலாம் என்பதை டபிள்யூ.எஸ்.டி.எல். என்னும் ஒப்பந்தப் பத்திரம் சொல்லும். இன்றைய இளைஞர்கள் ஜேசன் என்னும் அஞ்சல் அட்டையில் நாலு வரி எழுதிப் போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்த உறை விவகாரம் வேடிக்கையாக இருக்கும்.

நான் புதிய தளத்தை ஸ்பிரிங் பூட் என்னும் ஜாவா கட்டமைப்பில் எழுதினேன். ஒப்பந்தப் பத்திரத்தைக் கருவியிடம் கொடுத்தால் வேண்டிய நிரலை அதுவே எழுதித் தரும் என்பது நூலறிவு. முதலில் அந்தக் கருவியே காணவில்லை. 2018-இல் வந்த ஜாவா 11-இலிருந்து அதை நீக்கிவிட்டார்களாம். தனியே தேடிக் கொண்டுவந்து இயக்கினால், 'இவ்வகைப் பத்திரத்தை நான் படிப்பதில்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் ஒரு பிழைச் செய்தி. அந்தப் பத்திரம் எழுதப்பட்ட பழைய பாணியை, சேவைகள் தமக்குள் ஒத்துப் பேசுவதற்காக வகுத்த 2004-ஆம் ஆண்டுப் பொது விதியே விலக்கிவைத்துவிட்டதாம். பிறந்த ஆண்டிலேயே சாதியை விட்டுத் தள்ளப்பட்ட பிள்ளை போல இருந்தது எங்கள் சேவை! என் செய்வது? பழைய அலுவலகக் கணினி ஒன்று அனுப்பும் உறையை இடையில் பிடித்துப் பார்த்து, அதே போல் கையாலேயே எழுதி அனுப்பினேன். பதின்மூன்றாம் நாள் மாலை விடை வந்தது. எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பழையதின் வழக்கங்கள் புதியதற்குள் புகுந்து கெடுத்துவிடாதபடி நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு வைக்க வேண்டும் என்று எரிக் எவன்ஸ் 2003-இல் வெளியான தம் நூலில் சொல்கிறார். மார்ட்டின் ஃபவுலர் 2004-இல் இன்னொரு உவமை சொன்னார். ஆஸ்திரேலியக் காடுகளில் ஒரு மரத்தின் மேல் விதை விழுந்து முளைக்கும் அத்தி, வேரைக் கீழே விட்டு, நாளடைவில் தாய்மரத்தைச் சூழ்ந்துவிடுகிறதே, அதுபோலப் புதிய நிரல் பழையதைச் சிறிது சிறிதாகச் சூழ்ந்து வளர வேண்டும் என்றார். இதற்கு ஆஸ்திரேலியா போக வேண்டியதில்லை. பனையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆலை நம் ஊர்ப்பக்கம் பார்க்காதவர் யார்? நானும் அப்படி ஒரு நடு அடுக்கை எழுதினேன். வினை அங்கேதான் விளைந்தது.

பதிவேட்டில் பெயர்கள் தமிழில் இருந்தன. ஆனால் இன்றைய யூனிகோடில் அல்ல. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி அரசு ஏற்ற குறிமுறைகளுள் ஒன்றில். எங்கள் திரையில் அவை பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டின. அந்தப் பழைய முறை, எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பின்பு ககரம், பின்பு கால். யூனிகோடோ ஒலியின் வரிசைப்படி ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கும். ஆகவே கொம்பைக் கண்டால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, மெய்யை முதலில் எழுதி, பின்னால் கால் வந்தால் இரண்டையும் சேர்த்து ஒகரமாக்க வேண்டும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தேன். பின்னால் ளகரம் வந்தால்? 'வெளி', 'தெளிவு' என்று எத்தனை சொற்கள் உள்ளன! ளகரத்தை ளகரமாகவே விட்டேன்.

தளம் திறந்து பத்து நாள் சென்றிருக்கும். மாணவி ஒருவர் அறக்கட்டளைக்குத் தொலைபேசியில் அழுதாராம். அவர் பெயர் 'கௌ' என்று தொடங்குவது. விண்ணப்பத்தில் பெயரை எழுதினால், 'பதிவேட்டோடு பொருந்தவில்லை' என்று தளம் தள்ளிவிடுகிறது. நான் இரண்டு பெயரையும் திரையில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றே. "கவனமாகத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்" என்று பதில் அனுப்பினேன். அவர் மறுபடி முயன்றார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை அவர் தம் மதிப்பெண் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பினார். அதற்குள் முதல் தவணைக்கான கெடு முடிந்துவிட்டது.

பின்புதான் எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். அவர் எழுதிய 'கௌ' கணினிக்கு இரண்டு குறிகள்: ககரமும் ஔகாரக் குறியும். பதிவேட்டிலிருந்து நான் மாற்றிய 'கெள' மூன்று குறிகள்: ககரம், எகரக் கொம்பு, ளகரம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இணையத்தில் ஔவையார் பெயரே 'ஒளவையார்' என்று எத்தனை இடங்களில் கிடக்கிறது!

அறக்கட்டளைக்கு ஓடினேன். பெயர்களைப் பதிவு செய்யும் தட்டச்சர் அம்மா அங்கே பல ஆண்டுகளாக இருப்பவர். "'கௌ' எப்படிம்மா அடிப்பீங்க?" என்றேன்.

"கொம்பு, க, ள. இது என்ன கேள்வி தம்பி? மிஷின்ல படிச்ச காலத்துல இருந்து அப்படித்தான் அடிக்கிறேன். திரையில சரியாத்தானே வருது?"

அவர் மேல் என்ன குற்றம்? தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள் அவை. காகிதத்தில் பிழையே இல்லை. பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் ஐயா ஔகாரக் குறுக்கம் நடத்தியபோது, இது எதற்குப் பயன்படும் என்று கடைசி வரிசையில் முணுமுணுத்தவர்களுள் நானும் ஒருவன்!

இருவரும் உட்கார்ந்து ஒரு விதி வகுத்தோம். கொம்பு பெற்ற மெய்க்குப் பின்வரும் ளகரம், தனக்கென்று ஒரு குறியோ புள்ளியோ பெற்றிருந்தால் அது ளகரமே. வெறுமனே நின்றால் பெரும்பாலும் ஔகாரம். 'பெரும்பாலும்' என்ற சொல் என்னை உறுத்தியது. ஆகவே அத்தகைய பெயர்களை நிரல் தானே முடிவு செய்யாமல் ஒரு பட்டியலில் இட, அம்மா பார்த்துக் குறியிடுவது என்று ஏற்பாடு செய்தோம். பெயர் பொருந்தாவிட்டால் தள்ளிவிடும் வழக்கத்தையும் நீக்கினேன். இப்போது அது ஓர் ஆளின் பார்வைக்குப் போகிறது. முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும். கௌ, சௌ, மௌ என்று தொடங்கும் பெயருடைய வேறு சிலரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அவர்கள் தொலைபேசியில் கேட்கவில்லை. தங்கள் பெயரைத் தாங்களே தவறாக எழுதிவிட்டதாக எண்ணிச் சும்மா இருந்துவிட்டார்கள் போலும்.

பழைய சேவை அதன் பிறகும் தன்போக்கில் உறை வாங்கி உறை கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அந்த மாணவிக்கு இரண்டாம் தவணையோடு முதல் தவணையும் சேர்ந்து கிடைத்தது. நான் அவருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். அவர் இரண்டே வரியில் பதில் எழுதினார். பணம் வந்து சேர்ந்ததாம். விடுதிக் கட்டணத்திற்காக அப்பா வாங்கிய கடனின் வட்டியையும் அறக்கட்டளை தருமா என்று கேட்டிருந்தார்.