வேன் கதவு கூசுது

போன பங்குனி நோம்பிக்கு மச்சான் குடும்பத்தோட கேரவன் வேன்ல வந்து இறங்கினார். வேப்பமரத்தடியில நிறுத்திட்டு, "மாப்ள, மோட்டார் ரூம்ல இருந்து ஒரு லைன் குடுங்க, ஏசி போட்டுக்கறோம்"னார்.

அது தண்ணி இறைக்க அரசாங்கம் தர்ற இலவசக் கரண்ட். வேற எதுக்கு எடுத்தாலும் தப்பு. வீட்டு லைன்ல போடலாம்னேன். அவர்கிட்ட இருந்தது மெல்லிசான வயர் சுருள், ரெண்டு பின் பிளக். ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். சுருளைப் பிரிக்காமலே மாட்டினார். கொஞ்ச நேரத்துல வயர் சோத்துப்பானை மாதிரி சுட்டது. பிரிச்சு நீட்டிப் போட்டோம். நானும் அதோட விட்டுட்டேன், அதுதான் என் தப்பு.

மச்சான் பையன் வெறுங்காலோட ஈர மண்ணுல நின்னு வேன் கதவைத் தொட்டான். "மாமா, கூசுது!"

டெஸ்டர் வெச்சா வேன் பாடியில லைட் எரியுது. மெயினை அணைக்க ஓடின ஓட்டம் இன்னும் நெஞ்சுல இருக்கு. ரெண்டு பின்னுல எர்த் ஏது? கீழ ரப்பர் டயர். கசிஞ்ச கரண்ட் மண்ணுக்கு இறங்க வழியில்லாம தகரத்துலயே நின்னிருக்கு. உள்ள உக்காந்திருந்த எங்களுக்குத் தெரியல, தரையில நின்னு தொட்டவன்தான் அதுக்கு வழியானான்.

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்து பார்த்தா, ஏசி பின்னாடி ஒரு ஜாயிண்ட்ல ஈரம். அதைச் சரிபண்ணி, எர்த்தோட மூணு கோர் 4 ஸ்கொயர் வயர், 16 ஆம்பியர் பிளக் போட்டார். 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கட் ஆகுற ஆர்சிசிபியை வீட்டுலயும் மாட்டச் சொன்னேன். இத்தனை வருஷமா அது எங்க வீட்டுல இல்ல.

முந்தின ராத்திரி எல்லாரும் வாசல்ல கயித்துக் கட்டில்லதான் படுத்தோம். மச்சான் மட்டும் விடிய விடிய விசிறிக்கிட்டே இருந்தார்.