மின்னூலும் கடைத்தெருவும்

நூல் எழுதுவது ஒரு தொழில். அதனைப் படிப்பவர் கையிற் கொண்டு சேர்ப்பது மற்றொரு தொழில். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலத்து, அச்சுச் செலவிற்காக அன்பர் பலரிடம் கையொப்பம் பெற வேண்டியிருந்தது. இக்காலத்து மின்னூலுக்கோ தாள் விலையும் இல்லை, அச்சுக் கூலியும் இல்லை. எனினும் அவ்விரண்டாந் தொழில் நூலாசிரியனை விட்டு நீங்கவில்லை என்பதை யான் அனுபவத்தால் அறிந்தேன்.

எங்கள் ஊர்க் கிணறுகளையும், அவற்றிற் கமலை கட்டி நீர் இறைத்த உழவரையும் பற்றிச் சிறு நூலொன்றை ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழிருக்க ஆங்கிலம் ஏன் என நண்பர்கள் வினவலாம். என் தமையனார் கனடா நாட்டு டொரான்டோ நகரிற் குடியேறி நெடுநாளாயிற்று. அவர் மக்கள் தமிழ் பேசுவரேயன்றிப் படிக்க அறியார். அவர்களும் அவர்களைப் போன்ற பிறரும் தம் முன்னோர் ஊரை அறிய வேண்டும் என்பதே என் நோக்கம்.

நூல் முடிந்ததும் கடைத்தெருவைக் காண நேர்ந்தது. அமேசானின் கிண்டில் 2007இல் வெளிவந்தது; கோபோ 2009இல் டொரான்டோவிலேயே தோன்றியது. ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு வழக்கு உண்டு. கிண்டிலில் விலை 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை இருப்பின் ஆசிரியனுக்கு நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். அவ்வெல்லைக்கு வெளியே 35 பங்கே. நூலைத் தேடுவார்க்கு உதவும் குறிச்சொற்களை எழுத ஏழு இடங்கள் தருவர். ‘சிறந்த நூல்’ என்று அவ்விடங்களை நிரப்புவதினும் ‘கிணறு’, ‘உழவு’, ‘தென்னிந்தியா’ என்று பொருளைக் குறிப்பதே பயன் தரும். கோபோவிலோ, விலைக் குறைப்புப் பட்டியலில் இடம் வேண்டி ஆசிரியன் விண்ணப்பிக்கலாம். ஓவர்டிரைவ் வாயிலாகப் பொது நூலகங்களுக்கும் நூலை அனுப்பலாம்.

இந்நிலையில் ஓர் ஒப்பந்தம் என் முன் நின்றது. மின்னூலை 90 நாள் கிண்டிலுக்கே உரிமையாக்கினால், சந்தா செலுத்தும் வாசகர் படிக்கும் பக்கங்களின் அளவிற்கேற்ப ஊதியம் உண்டு. ஐந்து நாள் இலவசமாக வழங்கி வாசகரைச் சேர்க்கவும் செய்யலாம். ஆயின் அந்நாட்களில் மின்னூலை வேறெந்தக் கடையிலும் விற்றலாகாது. அறிமுகமில்லாத ஆசிரியனுக்கு அஃது எளிதில் தள்ளத்தக்கதன்று.

ஆனால் என் தமையனார் மக்களிடம் இருப்பது கோபோ கருவி. நூலக நூல்களை அதிலேயே இரவல் பெறலாம் என்பதனால் அதனை வாங்கினர். அக்கருவியிற் கிண்டில் கடை இல்லை. அவர்களுக்கு மட்டும் தனியே அனுப்பிவிடலாம் எனின், அவர்தம் தோழர் கைக்கு அந்நூல் எவ்வாறு செல்லும்? எவர்க்கென எழுதினேனோ அவர் வாயிலை அடைத்துவிட்டுப் பிறர் வாயிலில் நிற்க மனம் ஒப்பவில்லை. ஒப்பந்தத்தை விடுத்து, இரு கடைகளிலும் ஒரே விலைக்கு நூலை வைத்தேன்.

வருவாய் சிறிதே. எனினும் தமையனார் இளைய மகள் ஒருநாள், கமலை இழுத்த காளைகளுக்குப் பெயர் உண்டா என்று கேட்டெழுதினாள். அவள் தோழியொருத்தியும் அந்நூலை நூலகத்தில் இரவல் பெற்றுப் படித்தாளாம்.

மாணவ நண்பர்களே, உங்களுள்ளும் பலர் நூல் வெளியிடுவீர்கள். எக்கடை மிகுதியாகத் தரும் என்று ஆராய்தல் தவறன்று. ஆயின் உம் நூல் எவர்க்கு உரியது, அவர் எக்கருவியிற் படிக்கின்றார் என்பவற்றை முதலில் அறிந்துகொள்ளுங்கள். விலையும் விளம்பரமும் அதன் பின்னரே.