இந்த பிஸ்டன் இன்னும் ஓடுமா?

நாமக்கல்லில் ஒரு சின்ன பைக் பட்டறை. தரையில் விரித்த பழைய செய்தித்தாள் மேல் ஒரு பிஸ்டன் கிடக்கிறது. எதிரே முகம் வாடிப்போய் ஒரு கல்லூரி மாணவன். டிப்ளமோ மெக்கானிக்கல், இரண்டாம் வருடம். பிஸ்டனின் படத்தைப் பரீட்சையில் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறான். கையில் எடுத்துப் பார்ப்பது இதுதான் முதல் முறை!

வண்டி அவன் அப்பாவுடையது. நூறு சிசி பைக். முந்தைய ஞாயிற்றுக்கிழமை நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போனான். எழுபது கொண்டை ஊசி வளைவுகள், முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஏற்றம். பாதி மலையில் இன்ஜின் சத்தம் மாறியது, இழுவை குறைந்தது, பிறகு பின் சக்கரம் அப்படியே இறுகியது. சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தார்கள். அப்பாவிடம் அவன் சொன்னது, "சர்வீஸுக்கு விட்டிருக்கேன்ப்பா" என்று மட்டும்தான். கோழிப்பண்ணை வேலைக்கு விடிவதற்கு முன்பே கிளம்பும் அப்பா அன்றிலிருந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்.

பையில் இருக்கும் பணம் குறைவு. அதனால் அவன் மனதில் ஒரே கேள்விதான். பழைய பிஸ்டனையே போட முடியுமா?

"மேல பூரா கருகிப் போச்சுங்களேண்ணா" என்றான். மெக்கானிக் சிரித்தார். "அது வெறும் கரி தம்பி. மண்ணெண்ணெயில ஊறவெச்சா வந்துரும். பயப்பட வேண்டியது அதுக்கு இல்ல."

கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிவது சேதம் இல்லை. சேதம் வேறு இடங்களில் இருக்கும். மெக்கானிக் பார்த்த வரிசை இதுதான்.

1. தலைப்பகுதி. ஓட்டை, உருகிய குழி, விரிசல் இருந்தால் அங்கேயே முடிந்தது கதை. இதில் எதுவும் இல்லை.

2. பின் துளை. பிஸ்டன் பின் நுழையும் துளையைச் சுற்றி முடி போன்ற விரிசல் தெரிந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். பின்னைப் போட்டு ஆட்டினால் லொடலொடவென்று ஆடக்கூடாது. இதிலும் பாஸ்.

3. பாவாடைப் பகுதி. ஸ்கர்ட் என்று சொல்லும் கீழ்ப் பக்கம்தான் சிலிண்டர் சுவரோடு உரசும். மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் இருப்பது சகஜம். நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தால் நகம் சிக்கக்கூடாது. ஒரு பக்கம் சிக்கவில்லை. மறுபக்கம் சிக்கியது.

4. ரிங் காடி. இங்கேதான் மாட்டிக்கொண்டது. உருகி இழுபட்ட அலுமினியம் இரண்டாவது ரிங்கின் மேல் பூசிக்கொண்டு அதை இறுக்கிவிட்டது. ரிங்கைக் கழற்றிப் பார்த்தால் காடியின் விளிம்பில் ஒரு சின்னத் துண்டு உடைந்திருக்கிறது. ஒரு அரிசியில் பாதி இருக்குமா? அவ்வளவுதான்.

"எமரி பேப்பர்ல தேய்ச்சுப் போட்டா ஓடாதுங்களாண்ணா?"

"ஓடும். எத்தனை நாளைக்குன்னு கேக்காத."

தேய்த்தால் ஏன் சரிவராது? அவன் படித்த பாடத்திலேயே பதில் இருக்கிறது. பிஸ்டன் அலுமினியக் கலவை, சிலிண்டர் சுவர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். அதனால்தான் இரண்டுக்கும் நடுவே கணக்காக இடைவெளி விடுகிறார்கள். 50 மி.மீ. சிலிண்டரில் அது புதிதாக இருக்கும்போது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். பல சின்ன வண்டிகளின் கையேட்டில் 0.1 மி.மீ. தாண்டினால் மாற்றச் சொல்லியிருக்கும். அளப்பதும் மைக்ரோமீட்டரால், பின்னுக்குச் செங்குத்தான திசையில், ஸ்கர்ட்டின் அடிப்பக்கத்தில். ஏனென்றால் பிஸ்டன் சரியான வட்டம் கிடையாது! பின் பக்கமாகக் கொஞ்சம் ஒடுங்கிய நீள்வட்டம், மேலே போகப் போகச் சிறுத்தும் இருக்கும்.

லேசான பூச்சை மட்டும் நீக்கலாம். ஆழமான கீறலைத் தேய்த்து எடுத்தால் அளவு குறையும். பிஸ்டன் தட்டும், ஆயில் மேலேறும், புகை வரும். உடைந்த ரிங் காடியை எதைத் தேய்த்தும் ஒட்ட முடியாது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் பிஸ்டன் ஒரு நொடிக்கு 200 முறை நின்று திரும்புகிறது. அந்த அடியில் மீதி விளிம்பும் எப்போது பெயரும் என்று யார் சொல்வது?

மெக்கானிக் அடுத்துக் கேட்டதுதான் அவனைச் சுட்டது.

"இதை யாரு ஓட்டப் போறா? நீயா, அப்பாவா?"

விடியாத நேரம், பின்னால் லாரி, நடு ரோட்டில் இறுகும் சக்கரம். அவனுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

சிலிண்டரிலும் நகம் சிக்கியது. ஆக ரீபோர் செய்தே ஆகவேண்டும். துளையை 0.25 மி.மீ. பெரிதாக்கினால் பழைய பிஸ்டன் நன்றாகவே இருந்தாலும் சேராது. ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பின் எல்லாம் புதுசு. பிஸ்டனைத் தனியாக வைத்து முடிவு செய்யக்கூடாது என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

புதுசு போட்டால் மட்டும் போதுமா? போதாது. பழசு ஏன் கெட்டது என்று தெரியாவிட்டால் புதுசும் அதே வழியில் போகும். ஸ்கர்ட் குறுக்காகத் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கலாம். தலை உருகியிருந்தால் எரிதலில் கோளாறு. இங்கே காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. இன்ஜினிலிருந்து வடித்த ஆயில் ஒரு டீ டம்ளர்கூட நிறையவில்லை. மலைக்குக் கிளம்பும்போது டிப் ஸ்டிக்கைத் திருகிப் பார்க்க அரை நிமிடம் போதும். அவன் பார்க்கவில்லை.

அன்று இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். கொல்லிமலை, ஆயில், பொய், போதாத பணம். திட்டு விழும் என்று தலை குனிந்து நின்றான். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"வீல் இறுகினப்ப ரெண்டு பேரும் கீழ விழலையே?"

மறுநாள் பணத்தோடு பட்டறைக்கு அப்பாவும் வந்தார். உடைந்த பிஸ்டனை அவன் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டான். இப்போது அது அவன் மேசையில் பேனா ஸ்டாண்ட்.

அது சரி, உங்கள் வண்டியில் ஆயிலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?