கருகிய வாடை

ரமளான் இரவொன்றில் ஸஹருக்கு எழுந்தபோது, நம் இல்லத்தில் ஏதோ கருகும் வாடை வீசிற்று. அடுப்பில் பால் பொங்கியிருக்கும் என்றே நாம் முதலில் எண்ணினோம். அடுப்போ இன்னும் பற்றவைக்கப்படவே இல்லை. கூடத்துச் சுவரிலிருந்த சுவிட்சுப் பலகையைத் தொட்டால் சுட்டது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை எழுப்பித் தெருவில் கொண்டு நிறுத்தினோம். விடிந்த பின் எலெக்ட்ரீஷியன் வந்து, கருகிய கம்பியை மாற்றிச் சென்றார்.

அன்று முதல் ஒரு கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. இறங்கி நிற்கத் தெருவே இல்லாத இடத்தில் இவ்வாடை எழுந்தால் என்ன செய்வது?

அவ்வாறு எழுந்ததுண்டு. 1998 செப்டம்பர் 2 ஆம் நாள் இரவு, ஸ்விஸ்ஏர் 111 என்னும் விமானம் 229 பேருடன் நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் பறந்துகொண்டிருந்தது. 33,000 அடி உயரத்தில் விமானி அறையில் ஒரு வாடை தோன்றியது. அது குளிர்சாதன அமைப்பிலிருந்து வருவதாக விமானிகள் எண்ணினர். பால் பொங்கியதாக நாம் எண்ணியதும் இதுவும் ஒன்றே அன்றோ?

சில நிமிடங்களில் புகை தெரியவே, முகமூடி அணிந்து, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரை நோக்கித் திரும்பினர். எடையைக் குறைக்க எரிபொருளை வெளியேற்றவும், புகையின் மூலத்தைக் கையேட்டின்படி படிப்படியாகத் தேடவும் முற்பட்டனர். அத்தேடல் முடிய 20 முதல் 30 நிமிடங்கள் வேண்டும். முதல் வாடையிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தவையோ ஏறத்தாழ 21 நிமிடங்களே. பெக்கிஸ் கோவ் அருகே விமானம் கடலில் வீழ்ந்தது. எவரும் பிழைக்கவில்லை.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நான்காண்டுகளுக்கு மேல் ஆராய்ந்து, 2003 இல் அறிக்கை வெளியிட்டது. கூரைக்கு மேலிருந்த மின்கம்பியில் எழுந்த பொறி, வெப்பத்தடுப்புப் போர்வையின் மெல்லிய உறையைப் பற்ற வைத்திருந்தது. அன்றைய சோதனைகளில் தேறிய உறைதான் அது! வாடை வந்த கணமே இறங்கத் தொடங்கியிருந்தாலும் பத்திரமாகத் தரை சேர்ந்திருக்க இயலாது என்றும் அவ்வாரியம் கூறிற்று. எனவே மாண்டவர்மீது பழி சுமத்த நமக்கு உரிமையில்லை. பிழை பொருளிலும் விதியிலும் இருந்தது.

பின்னர் அவ்வகை உறைகளை அகற்றுமாறு ஆணை பிறந்தது. கையேடுகளும் திருத்தப்பட்டன. முதலில் முகமூடி, அடுத்து, அருகிலுள்ள விமான நிலையத்தை நோக்கித் திரும்புதல், மூலத்தைத் தேடுவது போகும் வழியில். காரணம் தெரியட்டும் எனக் காத்திருப்பது ஆகாது.

இவ்வாறு திரும்பும் விமானங்களில் பலவற்றில், கருகியது ஒரு விசிறியோ, உணவு சூடாக்கும் அடுப்போ என்று பிறகு தெரியவரும். பயணிகள் முணுமுணுப்பர். வளைகுடாவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அவர்கள் வரும் விமானத்திற்காக விழித்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ! வரவேண்டிய விமானம் வேறோர் ஊரில் இறங்கிவிட்டது என்ற செய்தி வந்தால், இனி நாம் முணுமுணுக்க மாட்டோம். தாமதமாக வரும் பிள்ளை வந்து சேரும் பிள்ளையல்லவா?