பல்சக்கரம் சொன்ன பாடம்

சென்ற பொங்கல் விடுமுறையை அடுத்து எங்கள் இயற்பியல் துறை மாணவர்கள், பேராசிரியர் இருவருடன் நீலகிரிக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். உதகையைக் காணும் ஆசைதான் எங்களுள் பலருக்கும். ஆனால் இன்று என் நினைவில் நிற்பது உதகையன்று. எங்களை ஏற்றிச் சென்ற பழைய ரயில்தான்.

காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் வண்டி புறப்பட்டது. "எஞ்சினை ஏன்டா பின்னால் மாட்டியிருக்கிறார்கள்?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். எதிரே அமர்ந்திருந்த முதியவர் சிரித்தார். கோவையைச் சேர்ந்தவர், பணி ஓய்வு பெற்றவர். ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த வண்டியில் ஏறாவிட்டால் தமக்கு உறக்கம் வராது என்றார். "ஏத்தத்துல கொக்கி அந்து போச்சுன்னா பெட்டியெல்லாம் கீழே உருண்டு வந்துருமுங்க தம்பி. அதனாலதான் எஞ்சின் கீழ்ப்பக்கமா நின்னு தள்ளுது" என்றார். வகுப்பில் படித்த சாய்தளம் எனக்கு அப்போதுதான் நன்றாக விளங்கியது.

கல்லாற்றைத் தாண்டியதும் வண்டியின் ஓசை மாறியது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் பள்ளம் வரும். எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. 12.28 அடி சென்றால் ஓர் அடி உயரம்! வழுவழுப்பான சக்கரம் மட்டும் இருந்தால் அங்கே வழுக்கிவிடும். "காதைக் கொடுத்துக் கேளுங்க தம்பி, இப்ப ரெண்டு தாளம்" என்றார் பெரியவர். கீழே உள்ள உருளைகளில் உழைத்து வெளிவரும் நீராவி வீணாவதில்லை. மேலே உள்ள உருளைகளுக்குச் சென்று பல்சக்கரத்தைச் சுழற்றுகிறதாம். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை!

குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் இப்பாதை திறக்கப்பட்டது. 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இவையெல்லாம் பொது அறிவுப் புத்தகத்திலேயே கிடைக்கும். நான் எழுத வந்தது வேறு.

ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. மற்றவர்கள் குரங்குகளுக்குப் பயந்து தின்பண்டங்களை மறைத்துக்கொண்டிருக்க, நான் எஞ்சினருகே சென்றேன். தொழிலாளி ஒருவர் எண்ணெய்க் குவளையுடன் சுற்றிச்சுற்றி வந்தார். ஒவ்வொரு பேரிங்கிலும் எண்ணெய் விட்டு, பிறகு புறங்கையை மெல்ல அதன்மேல் வைத்துச் சூடு பார்த்தார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அது என் அப்பாவின் கை! எங்கள் ஊரில் சிறிய பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுகளாக லேத் வேலை செய்கிறவர் அவர். ஓடுகிற இயந்திரத்தின்மீது இப்படித்தான் புறங்கையை வைப்பார்.

"எந்த ஊருங்க தம்பி?" என்று பின்னாலிருந்து பெரியவர் கேட்டார். "திருச்சி" என்றேன். "அட, அப்ப இது உங்க ஊட்டுப் பிள்ளையாச்சே!" என்றார். முற்காலத்தில் இவ்வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. அவை தேய்ந்தபின் உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒவ்வொன்றையும் கடைந்துதான் ஆகவேண்டும். அப்படிக் கடைந்து பழகிய கைகள், 2011-க்குப் பிறகு புதிய எஞ்சின்களையே பொன்மலைப் பணிமனையில் உருவாக்கின. பொன்மலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த எனக்கு இது தெரியாது!

வெட்கமாக இருந்தது. காரணம் உண்டு. கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'தனியார் நிறுவன ஊழியர்' என்று எழுதியவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எண்ணெய்க் கறை படிந்த சொல் ஒன்று அந்தத் தாளில் இருக்கவேண்டாம் என்று நினைத்தேன். அப்பா அதைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார்.

பழைய வண்டியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தினால் துருப்பிடிக்காமல் காக்கலாம். ஆனால் அது ஓடவேண்டுமென்றால் கடைபவரும், எண்ணெய் விடுபவரும், சூடு பார்ப்பவரும் தலைமுறைதோறும் வேண்டும். காப்பாற்றப்படுவது இரும்பு மட்டுமன்று, அந்தக் கைகளின் அறிவுந்தான் என்பதை அன்று உணர்ந்தேன்.

வீடு திரும்பியதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றுத் தட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தச் சக்கரத்துக்குப் பல்லு எத்தனை?"

எனக்குத் தெரியவில்லை. எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. "இவ்வளவு தூரம் போய்ட்டு அதைப் பாக்காம வந்துட்டியேப்பா" என்று சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு அன்றிரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பல்சக்கரம் வெட்டும் கணக்கை ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அவர் எனக்குப் போட்டுக் காட்டினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் போட்ட கணக்கைப் பின்தொடர, பட்ட வகுப்பு மாணவனாகிய நான் இருமுறை திணறினேன்.

இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில் 'லேத் தொழிலாளி' என்று எழுதியிருக்கிறேன். அடுத்த விடுமுறையில் அப்பாவை அந்த வண்டியில் அழைத்துச் செல்லவேண்டும். பற்களை அவரே எண்ணிக்கொள்ளட்டும்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்