குதமும் கலனும்

திருகோணமலையை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் பாடநூல்கள் புகழ்வது வழக்கம். அப்புகழினால் அதன் கரையில் வாழ்வோர் பெற்ற பயன் யாது என்ற வினா அத்துணை வழக்கமாக எழுப்பப்படுவதில்லை.

சீனன்குடாவில், பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கென இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அமைக்கப்பட்ட எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. அன்று 101 இருந்தன. 1942 ஏப்ரில் 9ஆந் திகதி நிகழ்ந்த யப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று அழிந்தது. இன்று எஞ்சியவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளத்தக்கது. 1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துச் சென்ற பின்னரும் அவற்றின் மீதான பிறர் கண் அகலவில்லை. 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் இக்குதங்கள் இடம்பெற்றன. 2003இல் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் உள்ளே வந்தது. ஆயினும் மேற்பகுதிக் குதங்களைக் காடே ஆண்டது. 2022 சனவரியில் மீண்டும் ஒரு பங்கீடு நிகழ்ந்தது: அந்நிறுவனத்துக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் கூடி அபிவிருத்தி செய்ய 61.

அதே ஆண்டின் நடுப்பகுதியில், இக்குதங்களுக்கு அண்மையிலுள்ள கிண்ணியா மீனவர் மண்ணெண்ணெய்க்குக் கலன்களோடு காத்திருக்க நேர்ந்தது. சிறுபடகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயிலேயே இயங்குவன.

குதம் எண்ணெயை ஈனுவதில்லை என்பார் கூற்று மெய்யே. நாட்டில் அற்றுப்போனது இடமன்று, டொலர். ஏப்ரில் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை அரசு நிறுத்தியது. 2019இன் வரிக்குறைப்புப் போன்ற உள்நாட்டுத் தவறுகளை மறைத்து, பழி முழுவதையும் உலகச் சந்தையின் தலையிற் சுமத்துதல் நேர்மையாகாது. ஆனால் தவறிழைத்தோர் எவரும் கலனேந்தி நின்றவரல்லர்.

இன்னொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. இறக்குமதியாகும் எரிபொருளின் விலை சிங்கப்பூர்ச் சந்தையை ஒட்டித் தீர்மானமாகின்றது. அதனை எரித்துப் பிடிக்கப்பட்ட மீனின் விலையோ கிண்ணியாக் கரையில், கொள்வோரும் வறியவராயிருக்கும் இடத்தில், பேரத்தில் முடிகின்றது. உலகமயமாதல் என்னுஞ் சொல் பொருளியல் வகுப்பில் எத்துணை விரிவாக விளக்கப்படினும், இவ்விரு விலைகளுக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் ஒரு சிறுபடகுக்காரர் அதனை அறிகிறார். ஒரு விலை உலகத்தோடு ஏறுகிறது. மற்றது ஊரோடு நின்றுவிடுகிறது.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. செப்டெம்பர் 1ஆந் திகதி சர்வதேச நாணய நிதியத்துடன் எட்டப்பட்ட ஆரம்ப உடன்பாட்டிலும், எரிபொருளை அடக்கவிலைக்கு ஏற்ப விற்றல் ஓர் அம்சமாயிருந்தது. திறைசேரிக்கு அது கணக்குச் சீர்திருத்தம். கரையிலோ, முன்னர் நான்கு நாட் பயணத்துக்குப் போதிய எண்ணெய்ப் பணம் ஒரு நாளுக்கே போதுவதாயிற்று. மற்றை மூன்று நாள்களுக்கும் கடன்பட்டுக் கடலேறுவதா, படகைக் கரையேற்றி வைப்பதா என்பதை அவரவர் வீட்டிலே முடிவு செய்ய வேண்டியிருந்தது.